இரண்டு பேரப்பிள்ளைகள், நான்கு கார் சீட்டுகள்

கண்ணு,

நீங்கள் எல்லோரும் சௌக்கியமாக இருப்பதை நேற்றுத்தான் வீடியோவில் பார்த்தேன். சின்னவன் கதிர் மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறான். அதனால் நலம் விசாரிப்பதை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். கோயமுத்தூரில் இருக்கும் உன் தோழி நித்யா, தன் இரண்டு பிள்ளைகளுக்கும் கட்டுப்படியாகிற விலையில் கார் சீட் எப்படிப் பார்த்து வாங்குவது என்று உன்னிடம் கேட்டாளாம். நீ உன் மாமனாரின் நம்பரைக் கொடுத்து, "மாமாகிட்டக் கேளு, அவருக்கு எல்லாம் தெரியும்" என்றாயாம். உன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே பேச்சோடு பேச்சாக இதைச் சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "அந்தப் புள்ள யாருகிட்டக் கேட்டா உங்களுக்கு என்னங்க?" என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நம் உரக்கடைக்குப் போய்விட்டேன். அன்று வந்தவர்களுக்கெல்லாம் யூரியாவைத் தப்பாக எடுத்துக் கொடுத்தேன் என்று சொன்னால் நம்புவாயா?

எனக்குப் பொறாமை. இந்த வயதில் பேரப்பிள்ளைகளின் இன்னொரு தாத்தாவைப் பார்த்து வயிறு எரிகிறது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் போனில் சொல்ல வராது. நீ சிரித்துவிடுவாய், நானும் சேர்ந்து சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது அப்படியே நின்றுவிடும். அதனால்தான் எழுதுகிறேன். உன் மாமனார் நல்ல மனிதர். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், போகப்போக எழுத மனம் வராமல் போகலாம். ஆர்.எஸ்.புரத்தில் மாடி வீடு, பம்ப்புக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறை, ஏழு பேர் தாராளமாக உட்காரும் கார், எல்லாம் இருந்தும் வருகிறவர்களுக்குத் தானே எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். அவரிடம் ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்று இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய தொந்தரவாக இருக்கிறது.

இந்த முறை நீங்கள் மெல்போர்னிலிருந்து வருவதற்கு முன்னால் நீ போன் செய்தது ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, இங்க புள்ளைங்களை மடியில வெச்சுட்டு கார்ல போறதெல்லாம் கிடையாதுங்கப்பா. அங்க வந்தாலும் அப்படித்தான். ரெண்டு பேருக்கும் சீட்டு இருந்தாத்தான் நான் வண்டியில ஏறுவேன்" என்றாய். நீயெல்லாம் எங்கள் மடியில் உட்கார்ந்து வளரவில்லையா என்று கேட்டேன். "அப்ப ரோடு இப்படியாங்கப்பா இருந்துச்சு?" என்றாய். அதுவரைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்குப் பிறகு சொன்னாயே, "நீங்க ஒண்ணும் சிரமப்படாதீங்க. மாமா ஏற்கெனவே ரெண்டு சீட்டும் வாங்கி மாட்டிட்டாரு. உடுமலைக்கு அந்த வண்டியிலயே வந்துருவோம்" என்று, அந்த 'ஏற்கெனவே'தான் உள்ளே போய்க் குத்தியது. என் மகளும் பேரப்பிள்ளைகளும் என் வீட்டுக்கு வருவதற்கு இன்னொருவர் வண்டி எடுக்க வேண்டும். அவருக்கு நேரம் இருந்தால் வருவீர்கள், அவர் கிளம்பினால் கிளம்புவீர்கள். எந்தக் காரில் சீட் இருக்கிறதோ அந்தக் காருக்குத்தான் பிள்ளைகள் என்று எனக்குப் புரிந்துபோனது.

உன் அம்மா அன்றைக்கே வழி சொன்னாள். "அவங்க வாங்குன சீட்டையே கழட்டி நம்ம வண்டியில மாட்டிக்கலாமுங்க. ஆறு வாரத்துக்கு எதுக்கு ரெண்டு ஊட்டுலயும் ரெண்டு ரெண்டு?" நித்யாவுக்கு இதை நீ முதலில் சொல்ல வேண்டும். அதைவிட மலிவான வழி கிடையாது. இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே ஜோடி சீட், ஆனால் இரண்டு காரிலும் மாட்டிப் பார்த்துவிட்டு வாங்கியதாக இருக்க வேண்டும். புத்தியுள்ள குடும்பம் அப்படித்தான் செய்யும். நான் உன் அம்மாவிடம், "சம்பந்திகிட்டப் போயி சீட்டு இரவல் கேக்கச் சொல்றியா?" என்று சத்தம் போட்டேன். பக்கத்துத் தோட்டத்துக்காரர் என்ன மருந்து அடித்தார் என்று விசாரித்து, தன் தோட்டத்தில் அந்தப் பூச்சியே இல்லாவிட்டாலும் அதைவிட விலை கூடியதாக ஒன்றைக் கேட்கிற ஆட்களைத் தினமும் என் கடையில் பார்க்கிறேன். அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லி அனுப்புகிறவன்தான் நான். எனக்கு எடுத்துச் சொன்னவள் பேச்சைத்தான் கேட்கவில்லை.

கோயமுத்தூருக்குப் போய் ஒரு பெரிய கடையில், உன் மாமனார் தான் வாங்கிய சீட்டைப் பிடித்து அனுப்பிய போட்டோவைக் காட்டி, இதைவிட நல்லதாக வேண்டும் என்று கேட்டேன். என் பேத்திக்கு என்ன எடை, என்ன உயரம் என்று அவர்கள் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. மூன்றரை வயது என்றேன். சீட்டுக்கு வயது முக்கியமில்லையாம், எடையும் உயரமும்தானாம். உன் அம்மா அங்கிருந்தே உனக்கு மெசேஜ் அனுப்பிக் கேட்டு வாங்கினாள். இருப்பதிலேயே விலை கூடிய ஒன்றைக் கை காட்டினேன். தண்ணீர் பாட்டில் வைக்க இடம், மெத்துமெத்தென்று துணி, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம். "வண்டியில வெச்சுப் பாத்துட்டுப் பணம் குடுக்கலாமுங்க" என்று உன் அம்மா பிடிவாதமாக நின்றாள். வைத்துப் பார்த்தால், அதை மாட்டுவதற்கான கொக்கி நம்முடைய பழைய வண்டியில் இல்லவே இல்லை. பெல்ட்டில் கட்டுகிற மாதிரி வேறொன்றைக் கொண்டுவந்தார்கள். அது பின்பக்கம் பார்த்து உட்காருகிற கைக்குழந்தை சீட், பிள்ளை உட்காரும் பிளாஸ்டிக் சட்டி பெரிது. அதை வைக்க முன் சீட்டைத் தள்ளிய தள்ளலில் உன் அம்மாவின் முழங்கால் டேஷ்போர்டில் இடித்தது. "நான் கால எடுத்துத் தலையிலயாங்க வெச்சுக்கறது?" என்றாள். கடை வாசலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அவருடைய காரில் இது சுலபமாக உட்கார்ந்திருக்கும் என்ற நினைப்புதான் எனக்கு.

என் கடைக்கு அடுத்த கடைக்காரர், தன் மகன் வீட்டில் சும்மா கிடக்கும் சீட் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். அதையும் போய்ப் பார்த்தேன். சட்டியின் அடியில் மயிரிழை போல ஒரு கீறல். வண்டி எங்கேயாவது இடித்ததா, சீட் கீழே விழுந்ததா என்று கேட்டதற்கு அவருக்குத் தெரியவில்லை. மகனும் அதை வேறு யாரிடமோ வாங்கியவனாம். ஒட்டியிருந்த லேபிள் கிழிந்து, எந்த வருஷத்தில் செய்தது என்றும் படிக்க முடியவில்லை. வேண்டாம் என்று வந்துவிட்டேன். நித்யாவிடம் இதையும் சொல். வாடகைக்கு எடுத்தாலும் சரி, பழசு வாங்கினாலும் சரி, அது எங்கே எப்படி இருந்தது என்று உண்மையைச் சொல்லக்கூடிய ஆளிடம் மட்டும் வாங்கட்டும். கடைசியில் காந்திபுரத்தில் ஒரு சின்னக் கடையில் நம் வண்டியிலேயே மாட்டிப் பார்த்து, பாதுகாப்புச் சோதனை முடிந்ததற்கான முத்திரை இருக்கிறதா என்று பார்த்து, சாதாரணமான இரண்டு சீட் வாங்கினோம். கதிருக்குப் பின்பக்கம் பார்த்து உட்காருவது, யாழினிக்கு முன்பக்கம் பார்த்து உட்காருவது. பாட்டில் வைக்க இடமெல்லாம் கிடையாது. ஆனால் பிள்ளையைத் தாங்குகிற விஷயத்தில் குறை ஒன்றும் இல்லை. விலையில் ஏறுகிறதெல்லாம் பெரும்பாலும் துணியும் சொகுசும்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும், கண்ணு. உன் மாமனாருக்கு மட்டுமல்ல, எனக்கும் தெரியும்.

நீங்கள் வந்து இறங்கிய காலையில் அந்த இரண்டையும் மாட்டிக்கொண்டுதான் விமான நிலையத்துக்கு வந்தேன். முதலில் புகுந்த வீட்டுக்குத்தான் போவீர்கள் என்று தெரியும். இருந்தாலும், பிள்ளைகளாவது கொஞ்ச தூரம் என் வண்டியில் வரட்டுமே என்று ஓர் ஆசை. யாழினி ஓடிவந்தாள். என்னைத் தாண்டி ஓடினாள். "அப்பாரு!" என்று உன் மாமனாரின் காலைக் கட்டிக்கொண்டாள். போன வருஷம் மூன்று மாதம் அவர் உங்களோடு அங்கே வந்து இருந்தார், பிள்ளைக்கு அவரைத்தானே தெரியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் உடனே அவளைத் தூக்கி என் பக்கம் திருப்பி, "பாரு சாமி, அப்புச்சி வந்திருக்காங்க" என்று காட்டினார். அவர் காட்டித்தான் என் பேத்திக்கு என்னைத் தெரிய வேண்டுமா என்று அதுவும் எரிந்தது.

அப்புறம் அவர் என்னிடம் வந்து, "ஏனுங்க சம்பந்தி, பெட்டியெல்லாம் உங்க வண்டியில போட்டுக்கலாமுங்களா? இவங்க அலுங்காம வரட்டும்" என்றார். நியாயமான பேச்சு. டிக்கியில் இரண்டு பெட்டி போயிற்று. இன்னும் இரண்டுக்கு இடமில்லை. ஒன்றை முன் சீட்டில் வைத்தோம். இன்னொன்றை மாப்பிள்ளை கதிருக்காக வாங்கிய சீட்டின் மேலேயே சாய்த்து வைத்தார். உன் அம்மா அந்தப் பெரிய வண்டியில் ஏறி, இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் குறை சொல்ல மாட்டேன். நான் மட்டும் தனியாக உங்கள் பின்னாலேயே வந்தேன். ஒவ்வொரு சிக்னலிலும் உங்கள் வண்டியின் பின் கண்ணாடி வழியாக யாழினியின் தலை தெரிந்தது. என் கண்ணாடியில் பார்த்தால் பெட்டி தெரிந்தது.

அடுத்த வாரம் உங்களை உடுமலைக்குக் கூட்டிப் போக நான் வந்த நாளைத்தான் நான் எழுத வேண்டும். அன்று வாசலில் நடந்ததில் பாதிதான் உனக்குத் தெரியும். உன் மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, என் வண்டியின் பின் கதவைத் திறந்து, கதிரின் சீட்டைக் கையால் ஓர் ஆட்டு ஆட்டினார். சீட் நன்றாகவே ஆடியது. "சம்பந்தி, இது லூசா இருக்குதுங்களே" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் நீ இருந்தாய், மாப்பிள்ளை இருந்தார், மாடியிலிருந்து உன் மாமியார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கடையில பாத்துத்தானுங்க மாட்டினாங்க" என்றேன். பெட்டியை இறக்கும்போது நானே கழற்றிவிட்டு, வீட்டில் நானே திரும்ப மாட்டியதை நான் சொல்லவில்லை.

அவர் உள்ளே ஏறி, சீட்டின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, உடம்பின் கனம் முழுவதையும் அதில் போட்டு, பெல்ட்டை இழுத்து இறுக்கினார். இழுக்க இழுக்க பெல்ட் வந்துகொண்டே இருந்தது. அவ்வளவு தொய்வு இருந்திருக்கிறது. அந்த நேரத்தில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அது இறுகக் கூடாது என்று நினைத்தேன். அவராலும் முடியாமல் போய், 'இந்த வண்டியில பெல்ட் அப்படித்தானுங்க' என்று நான் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அந்தச் சீட்டில் சற்று நேரத்தில் உட்காரப் போகிறவன் என் பேரன். தெரிந்தே நினைத்தேன். பொறாமை ஆளை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பெல்ட் இறுகியது. அவர் இறங்கி, வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப நீங்க ஆட்டிப் பாருங்க" என்றார். நான் ஆட்டிப் பார்க்கவில்லை. நேரமாகிறது என்று சொல்லி வண்டியை எடுத்துவிட்டேன்.

பொள்ளாச்சி தாண்டி உடுமலை ரோட்டில் என்ன நடந்தது என்று உனக்கு நன்றாகவே தெரியும், நீ பிள்ளைகளுக்கு நடுவில் நெருக்கி உட்கார்ந்திருந்தாய். தேங்காய் மட்டை ஏற்றிய டெம்போ முன்னால் போய்க்கொண்டிருந்தது. அது எதற்கு அப்படிச் சட்டென்று நின்றது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் பிரேக்கை மிதித்த மிதியில் முன் சீட்டில் இருந்த பிஸ்கட் டப்பா பறந்துபோய்க் கண்ணாடியில் அடித்தது. நீ முன்னால் வந்து முன் சீட்டில் தோளை மோதிக்கொண்டாய். இடுப்பு பெல்ட் மட்டும்தானே உனக்கு. டெம்போவுக்கும் நமக்கும் ஒரு முழம்கூட இடைவெளி இல்லை. திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. "அப்புச்சி, ஏன் நின்னுட்டோம்?" என்று யாழினி கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. கதிர் தூங்கிக்கொண்டிருந்தான். வண்டியை ஓரங்கட்டி, கீழே இறங்கி, பின் கதவைத் திறந்து அவன் சீட்டைப் பிடித்து ஆட்டினேன். பாறை மாதிரி இருந்தது. நான் மாட்டியபடி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த ரோட்டோரத்தில் நின்று நினைத்துப் பார்த்தேன். நீ தோளைத் தடவிக்கொண்டே, "மாமாவுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணுங்கப்பா" என்றாய். நான் என்ன சொன்னேன்? "நல்ல சீட்டாப் பாத்துத்தான வாங்கியிருக்கேன்" என்றேன். அந்த நிலைமையிலும் அதைத்தான் சொன்னேன், கண்ணு. நீ கதிரின் சீட்டில் வைத்த கையை வீடு வந்து சேரும்வரை எடுக்கவே இல்லை.

நித்யாவுக்கு எத்தனை சொன்னாலும் இதைச் சொல்லாமல் விட்டுவிடாதே. எந்த விலைக்கு வாங்கினாலும், ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் முழங்காலை ஊன்றி இறுக்கி, பெல்ட் போகிற இடத்தில் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். வேறு யாராவது வந்து ஆட்டிப் பார்த்தாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது.

நம் வீட்டில் நீங்கள் இருந்த நாட்களில் நான் ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன். அமராவதி அணைக்குப் போனோம், கடைக்கு வந்து யாழினி மூட்டைகளின் மேல் ஏறி விளையாடினாள், என் வண்டியில் தானே ஏறி, தானே க்ளிப்பை மாட்டப் பழகினாள். ஆனால் காலையில் எழுந்ததும் அவள் முதலில் கேட்டது, "அப்பாருக்கு போன் போடுங்க" என்றுதான். நெட்வொர்க் சரியில்லை என்று இரண்டு முறை சொன்னேன். நெட்வொர்க் நன்றாகத்தான் இருந்தது.

நீங்கள் விமானம் ஏறிய அன்று, உன் அம்மாவும் உன் மாமியாரும் அழுது முடிக்கட்டும் என்று அவர்களைக் காரில் விட்டுவிட்டு, நானும் உன் மாமனாரும் சின்னியம்பாளையத்தில் ஒரு பேக்கரியில் காபி குடித்தோம். பிறகு அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீங்க தப்பா நெனைக்கலைன்னா ஒண்ணு சொல்றனுங்க. புள்ளைங்க உங்க ஊட்டுல இருந்தப்ப நான் ரெண்டு தடவ உடுமல வரைக்கும் வந்துபோட்டுத் திரும்பிப் போயிட்டனுங்க."

"உடுமலைக்கா? எங்க ஊட்டுக்கு ஏனுங்க வரலை?"

"பஸ் ஸ்டாண்டுகிட்ட வண்டிய நிறுத்திப்போட்டு உக்காந்திருந்தனுங்க. கூப்பிடாம வந்தா நல்லா இருக்குமான்னு ஒரு இதுங்க. உங்க முறை நடக்குறப்ப நான் எதுக்கு நடுவுலன்னு. ஆனா ஊட்டுல இருக்க முடியலீங்க."

நான் உடனே, "என்னங்க நீங்க, வந்திருக்கலாமில்லீங்க" என்றேன். வாய் சொன்னது. முதலில் என் மனதுக்குள் குளுகுளுவென்று இருந்ததையும் மறைக்க மாட்டேன். அவரும் எரிந்திருக்கிறார், என்னால் எரிந்திருக்கிறார். ஆனால் அந்தக் குளிர்ச்சி காபி முடியும்வரைகூட நிற்கவில்லை. பிள்ளைகள் ஆர்.எஸ்.புரத்தில் இருந்த நாட்களில் நான் என்ன செய்தேன்? கடையில் உட்கார்ந்து அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள்கூட வண்டியை எடுத்துக்கொண்டு போய் அந்தத் தெருமுனையில் நிற்க எனக்குத் தோன்றவில்லை. ஏங்குவதில்கூட அவர் என்னைவிட ஒரு படி மேலே இருக்கிறார். இதற்கும் நான் பொறாமைப்படாமல் என்ன செய்வேன்?

அங்கேயே அந்த டெம்போ விஷயத்தை அவரிடம் சொல்லிவிட்டேன். நீங்கள் இறுக்கிய பெல்ட்தான் தாங்கியது என்று சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் நின்று நான் நினைத்ததை மட்டும் சொல்லவில்லை. அதை உனக்கு மட்டும் எழுதுகிறேன். படித்துவிட்டு என் மேல் கோபப்பட்டால் படு. ஆனால் போனில் அதைப் பற்றிக் கேட்காதே.

அடுத்த வருஷம் வரும்போது பிள்ளைகள் வளர்ந்திருப்பார்கள், வேறு சீட் தேவைப்படும். இந்த முறை நான் தனியாகப் போய் வாங்கப் போவதில்லை. ஒரே ஜோடியாக, இரண்டு வண்டிக்கும் பொருந்துகிற மாதிரிப் பார்ப்போம் என்று உன் மாமனாரிடம் பேசிவிட்டேன். அவர் சரி என்றுவிட்டார். உன்னிடம் கேட்பது ஒன்றுதான். விமான நிலையத்திலிருந்து நேராக உடுமலைக்கு வந்துவிடுங்கள். உன் மாமனாரையும் மாமியாரையும்கூட அழைத்துக்கொண்டு வாருங்கள். எத்தனை நாள் வேண்டுமானாலும் அவர்கள் நம் வீட்டில் இருக்கட்டும், மேல் அறையைச் சுத்தம் செய்து வைக்கிறேன். யாழினி என்னைப் பார்த்து ஓடிவரும்போது அவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

உன் அப்பா